அறுபத்திரண்டு நாணயங்கள் எரிந்த விபரம்

சல்லி,
திருகோணமலை.
ஜூன் 15, ஞாயிறு

அன்பின் திலக்சனுக்கு,

குலுக்கலில் உன் அண்ணனுக்கு இஞ்சின் விழவில்லை. நலம் விசாரிக்க முன்னரே இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போவாய். வட்ஸ்அப்பில் எழுதினால் தவறிச் சங்கக் குழுவுக்குப் போய்விடும், ஆகவே கடிதம்.

மற்றபடி குலுக்கல் சிறப்பாக நடந்தது. கனடாவிலிருந்து நீ எங்கள் மீனவர் சங்கத்துக்குப் படகு இஞ்சின் ஒன்று கொடுத்ததை எல்லோரும் மெச்சினார்கள். அதைப் பிளாக்செயினில்தான் குலுக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒருவரும் மெச்சவில்லை. ஒரே பதிவேடு உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது, இங்கே ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மற்றவை ஏற்காது என்று விளக்கினேன். தலைவர் நெடுநேரம் யோசித்தார். சங்கத்தின் கடந்த ஐந்து குலுக்கலிலும் பரிசு அவருடைய மருமகனுக்கே விழுந்தது உனக்குத் தெரியும்.

எரிக்கும் விஷயம்தான் கஷ்டப்படுத்தியது. உறுப்பினர் அறுபத்துமூன்று பேரின் போனுக்கும் ஆளுக்கொரு டிஜிட்டல் நாணயம் அனுப்பினாய். குலுக்கலில் சேர விரும்புகிறவர் அதைத் திறப்பே இல்லாத ஒரு பெட்டிக்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு அதை எவராலும் எடுக்க ஏலாது. எரிப்பது என்றால் அதுதான். நுழைவுக் காசு ஒருவர் கைக்கும் போகாவிட்டால் களவு செய்ய ஒருவருக்கும் காரணம் இல்லை என்றேன். நாணயம் ஒன்று ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய் பெறும் என்று தெரிந்ததும் கூட்டம் சூடாகிவிட்டது. "மண்ணெண்ணெயைத் தந்திட்டு நாணயத்தை எரிக்கச் சொல்லுங்கோ" என்றார் ஒருவர். சாம்பலைக் கண்ணால் காணாமல் நம்ப ஏலாது என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். அப்படியென்றால் குலுக்கல் நாள் தேநீருக்கும் வடைக்கும் காசு எங்கே என்று பொருளாளர் கேட்டார். அதற்குப் பிளாக்செயினில் விடை இல்லை.

எரிக்கும் நேரம் முடிந்தபின் அந்தப் பதிவேட்டில் அடுத்ததாக விழுந்த எண்தான் வெற்றியாளரைத் தீர்மானித்தது. அதுவரை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புருஷனின் படகை ஆள் வைத்து ஓட்டும் கஜந்திக்கு விழுந்தது. தலைவர் உடனே எழும்பி, "எங்கட வீட்டுக்கு விழேல்லையெண்டா இதில ஏதோ களவு இருக்கு" என்றார். அனுபவஸ்தர் சொல்கிறார் என்று ஒருவரும் மறுக்கவில்லை.

இனி உன் விஷயம். அம்மாவின் செத்தவீட்டுக்கு நீ வராததிலிருந்து ஒன்பது வருடமாக அண்ணன் உன்னோடு கதைப்பதில்லை. விசாச் சிக்கல் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. நீ அனுப்பிய காசை இரண்டு முறை திருப்பிவிட்டார். நடுக்கடலில் நின்றுவிடுகிற அந்தப் பழைய இஞ்சினோடுதான் இன்னும் தொழிலுக்குப் போகிறார். குலுக்கலில் விழுந்தால் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தாய். மச்சான், அவருக்குத்தான் விழ வேண்டுமென்றால் நேர்மையான குலுக்கலை ஏன் செய்தாய்? தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணினியே இல்லாமல் முடித்துத் தந்திருப்பார்.

ஆனால் இதையும் கேள். பதிவில் எரிந்தது அறுபத்திரண்டுதான். எரியாதது அண்ணனுடையது. ஆள் சேரவே இல்லை. இன்னும் வீம்புதான் என்று எனக்குக் கோபம் வந்தது. நேரே கரைக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஏன் அண்ணை எரிக்கவில்லை என்று கேட்டேன். நிமிர்ந்தும் பார்க்காமல், "என்ர தம்பி என்ர பேருக்கு அனுப்பினது. அதை நான் ஏன் எரிப்பான்?" என்றார். இந்த முறை திருப்பி அனுப்பும் வழியை என்னிடம் கேட்கவும் இல்லை.

விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறார். பத்து மணிக்குப் பிறகு கரையில்தான் இருப்பார். போன் சேர்ட் பையில் இருக்கும். உங்களுக்கு அப்போது சாமம் கடந்திருக்கும், ஒரு நாளைக்கு விழித்திரு. பழைய நம்பர்தான், மாற்றவில்லை. முத்துமாரி அம்மன் உனக்குத் துணையிருப்பாள். நம்பரை நீதான் அமத்த வேண்டும்.

உன்னோடு படித்தவன்,
தங்கரத்தினம்
(செயலாளர், அடுத்த பொதுக்கூட்டம் வரை)