எதிர்ப்பக்க வண்டி

5 ஜூலை 1999, திங்கள்

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து சாம்பார், கோஸ் பொரியல், ரசம் எல்லாம் முடித்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, போன புதன்கிழமையோடு நான் ரிடயர் ஆகிவிட்டேன். வாரக் கடைசி வரை வீட்டில் விருந்தாளிகள். அதனால் தெரியவில்லை. இன்றுதான் முதல் வெறும் நாள்.

இவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். "ஆறு மணிக்கே கொழம்பா? இன்னா அவசரம் ஞானம்?"

இவர் மின்வாரியத்திலிருந்து ரிடயர் ஆகி மூன்று வருடம். இவருக்குப் பொழுது போய்விடுகிறது. செடிக்குத் தண்ணீர், பேப்பர், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்ததா என்று ஒரு விசாரணை, அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நடை. அங்கே என்னதான் வைத்திருக்கிறதோ! எனக்குத்தான், இத்தனை வருடம் நான் ஆபீஸுக்குப் போன ஏழு இருபது ரயில் கூவிக்கொண்டு போனபோது கால் தானாக வாசலுக்குப் போனது.

9 ஜூலை, வெள்ளி

மத்தியானம் தூங்கினேன். தலைவலி. இனிமேல் மத்தியானத்தில் தூங்கக் கூடாது.

12 ஜூலை, திங்கள்

சீசன் டிக்கெட் இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. அதை ஏன் வீணாக்க வேண்டும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் போனேன்.

லேடீஸ் பெட்டியில் ஏறினால், என் ஜன்னலோர சீட்டில் பிரபாவதியின் கைப்பை! அவள் செங்கல்பட்டில் ஏறுகிறவள். எத்தனையோ வருடமாக எனக்கு சீட்டுப் பிடித்து வைக்கிறாள். "வருவேன்னு எப்படிடீ தெரியும்?" என்றேன். "வராம எங்கக்கா போவ?" என்றாள்.

மாமியார் கதை, சீட்டுக் கம்பெனிக் கதை, யார் வீட்டில் பெண் பார்த்தார்கள், எல்லாம் கேட்டுத் தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். இன்றைக்கு முழுக்கப் பசி நன்றாக எடுத்தது.

2 ஆகஸ்ட், திங்கள்

தாம்பரம் வரைக்கும் புது சீசன் எடுத்துவிட்டேன். இவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சம்பளம் இல்லாத உத்தியோகமா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

18 ஆகஸ்ட், புதன்

எழுதவே கை கூசுகிறது.

துர்காதேவி என்று ஒரு பெண், ஒரு மாதமாக ஊரப்பாக்கத்தில் ஏறுகிறாள். தாம்பரம் பக்கம் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. யாரிடமும் ஒட்டமாட்டாள். எப்போதும் கையில் ஒரு எலுமிச்சம்பழம், முகர்ந்துகொண்டே வருவாள். இன்று கூட்டம் நெரிந்தது. அவள் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்து நின்றபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "வேலைக்குப் போறவுங்க நின்னுகினு வர்றோம். சும்மா போயிட்டு வர்றவுங்களுக்கு சீட்டு புடிச்சி வெக்கிறாங்க."

பிரபாவதி சண்டைக்குக் கிளம்பினாள். "யார்கிட்ட பேசற? எங்கக்கா இந்த வண்டில போன காலத்துல நீ பொறந்தே இருக்க மாட்ட!" நான் அவள் கையை அமுக்கிவிட்டு எழுந்தேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். வண்டலூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள், எலுமிச்சம்பழத்தை நெஞ்சோடு பிடித்தபடி. அப்போதுதான் புரிந்தது. மசக்கை. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் வேறு உட்கார வேண்டும். ஒரு மாதமாக அவளை நிற்க வைத்துவிட்டு நான் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

சரியாத்தானே சொன்னா? சரியாத்தான் சொன்னா. அப்புறம் ஏன் எனக்கு இப்படிப் பத்திகினு எரியுது? எனக்குன்னு இருந்தது அந்த ஒரு எடம் — அதுவும் என்னுது இல்லேன்னா நான் எங்கதான் போறது?

19 ஆகஸ்ட், வியாழன்

போகவில்லை. காய்ச்சல் என்று இவரிடம் சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிளகு ரசம் வைத்தார். உப்பு தூக்கல்.

23 ஆகஸ்ட், திங்கள்

பிரபாவதி போன் செய்தாள். "உன் சீட்டு அப்டியே வெச்சிகினு கீறேன், வாக்கா." இனி அதை அந்தப் பெண்ணுக்குக் கொடு என்றேன். "அந்த வாயாடிக்கா?" என்று கத்தினாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னதும் சத்தம் அடங்கியது. "சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா அவளுக்கு?" என்று போனை வைத்தாள். சீட்டைக் கொடுத்துவிடுவாள், அவள் மனசு எனக்குத் தெரியும்.

கொடுக்கச் சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

30 ஆகஸ்ட், திங்கள்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

இவருக்குச் செங்கல்பட்டில் பென்ஷன் வேலை. "வூட்ல உக்காந்து இன்னா பண்ணப் போற, வா" என்றார். ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரம். கல்யாணம், காரியம் தவிர இந்நேரத்துக்கு நான் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. வண்டி வந்தது. பெட்டியே காலி! எதிர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தேன். காட்டாங்குளத்தூர் தாண்டி எங்கள் ஏழு இருபது எதிரே போனது, வாசலில் தொங்கிக்கொண்டு ஜனம். பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி ஜன்னல் முழுக்க வந்தது. இத்தனை வருடம் இதன் பக்கத்திலேயே குடியிருந்திருக்கிறேன்.

வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. "ஏறலாமா?" என்றேன், சும்மாதான். இவர் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்! வழியில் திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸின் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்.

கடற்கரையில் கோயிலுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தோம். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூணு வருசமா பஸ் ஸ்டாண்டுல இன்னா பண்ணிகினு இருந்தேன்னு நெனச்ச? எந்த பஸ்ஸு எப்போ, எது எங்க போவுது, எல்லாம் கேட்டு வெச்சிகினேன். நீ ரிடயர் ஆனதும் ரெண்டு பேருமா சுத்தலாம்னு. நீ இன்னாடான்னா மறுபடியும் சீசன் எடுத்துகினு கெளம்பிட்ட."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீ சந்தோசமா போற. அத எப்டிக் கெடுக்கறது?"

இத்தனை வருடம் குடித்தனம் செய்து, மனுஷர் மனசில் இருப்பது ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் ஒருத்தி வீட்டுக்கு வரக் காத்திருந்திருக்கிறார். நான் வந்தேன், வந்த பன்னிரண்டாம் நாளே ஓடிப்போனேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுண்டல் வாங்கினேன். இவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, சின்னப் பையன் கணக்காக அலையில் நின்றார்.

17 செப்டம்பர், வெள்ளி

முட்டுக்காடு. படகில் இவருக்குத் தலைசுற்றல். ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

6 அக்டோபர், புதன்

வாரம் இரண்டு நாள் ஊர் சுற்றல். மற்ற நாள்களில் வீட்டுவேலை, மொட்டை மாடியில் வடகம், பக்கத்து வீட்டு சங்கரியோடு தையல். நேற்று அவளே கேட்டாள், "உங்களப் புடிக்கவே முடியலையே மாமி, வேலைக்குப் போனப்பகூட வூட்ல இருந்தீங்க." எனக்குப் பெருமையாக இருந்தது.

24 நவம்பர், புதன்

துர்காதேவிக்கு ஏழாம் மாதம். பெட்டியில் யார் முழுகாமல் இருந்தாலும் ஓடுகிற வண்டியிலேயே வளையல் போடுவது எங்கள் வழக்கம். முதல் வளையல் நான்தான் போட வேண்டும் என்று பிரபாவதி உத்தரவு. ஏழு இருபதில் ஏறினேன். ஊரப்பாக்கத்தில் ஏறுகிற அந்தப் பெண்ணை முன்கூட்டியே செங்கல்பட்டுக்கு வரவழைத்து, வண்டி புறப்படும்போதே ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழப் போனாள்.

"அன்னிக்கு தெரியாம பேசிட்டேம்மா."

"தெரிஞ்சிதான் பேசின. சரியாவும் பேசின. உக்காரு."

சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினோம். வண்டி ஆடின ஆட்டத்தில் குங்குமம் மூக்கில் விழுந்து எல்லோரும் சிரித்தோம். டப்பா டப்பாவாகப் புளிசாதம், தயிர்சாதம் கை மாறியது. வண்டலூர் வந்ததும் நான் இறங்கத் தயாரானேன்.

"ஏன்க்கா, தாம்பரம் வரைக்கும் வா. நாளையிலேர்ந்து உனக்கு வேற சீட்டு புடிக்கிறேன்" என்றாள் பிரபாவதி.

"இல்லடீ. அவரு கூடுவாஞ்சேரில நிக்கிறாரு. மதுராந்தகம் போறோம். ஏரி ரொம்பி வழியுதாம்."

"புதன்கெழம காலையிலயா? ரெண்டு பேருமா?"

பிரபாவதிக்கு ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஆபீஸ் பை, நெரிசலில் பாதி முகம். அவள் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. பாவம், இன்னும் ஏழு வருடம் ஓட வேண்டும் அவள். ஆனாலும் எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது, பொய் எதற்கு.

படியேறி அந்தப் பக்கம் இறங்கி, எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்தேன். கூடுவாஞ்சேரியில் இவர் ஏறினார். சுற்றிலும் பார்த்தார், என் பக்கத்து ஜன்னலோரத்தைப் பார்த்தார்.

"பொட்டியே காலியா கீது. யாருக்கு பைய வெச்சி எடம் புடிச்சிகினு கீற?"

"உங்களுக்குத்தான்" என்று பையை எடுத்தேன்.