கல்வெட்டில் அடங்காத தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

கிளாஸ்கோவில் உன்னைத் தகனம் செய்து ஒரு மாதமாகிறது. நேற்று இங்கே சுருவில் கிராமத்தில், நம் வீட்டில், அந்தியேட்டிச் சடங்கு. வழக்கப்படி உனக்கும் கல்வெட்டு அடித்தோம். இறந்தவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டி, புத்தகமாக்கி, சடங்கன்று ஒப்பாரி இராகத்தில் இழுத்து இழுத்து வாசிக்காவிட்டால் நம் ஊரில் செத்ததாகவே கணக்கில்லை.

அந்த இராகத்தை வைத்துத்தானே நீ அங்கே பெயர் எடுத்தாய்? உயிரோடிருக்கிற பஸ் சாரதிக்கும் வீட்டுக்காரனுக்கும் ஆங்கிலத்தில் கல்வெட்டுக் கட்டி, மதுச்சாலை மேடைகளில் அழுதழுது பாடிச் சிரிக்கவைத்தாய். பிறகு மண்டபங்கள், வானொலி, புத்தகங்கள். அந்த நாட்டுக்காரர் உன்னைத் தங்கள் கவிஞர் என்றே எழுதினார்கள். இங்கே ஊருக்குத் தெரிந்ததெல்லாம் நீ நூலகத்தில் பார்த்த பகல் வேலை மட்டும்தான்.

கல்வெட்டு எழுத வந்த புலவர் விபரம் கேட்டார்.

"மாப்பிள்ளையின்ர பேர்?"

"அவள் கலியாணம் கட்டேல்லை."

"அப்ப நான் என்னத்தைப் பாடுறது?"

"மேடையில கவிதை சொன்னவள்."

"அது சரி. உத்தியோகம்?"

"அதுதான் ஐயா உத்தியோகம்."

தலையாட்டிவிட்டுப் போனார். அச்சாகி வந்த கல்வெட்டில் நீ அடக்கத்தின் உறைவிடம், அதிர்ந்து பேசாதவள், அறுசுவை படைப்பதில் நிகரில்லாதவள். நீ சமைத்ததைச் சாப்பிட்டவன் நான். திருத்த நேரமில்லை.

நேற்று அவர் வாசிக்கத் தொடங்கினார். முன்னால் கதிரையில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"இது ஆரின்ர கல்வெட்டு?"

"தங்கச்சியின்ர தானே அம்மா."

"இல்லை. நிப்பாட்டச் சொல்லு."

புலவர் நிறுத்தினார். சபை முழுக்க என்னைப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் கைத்தொலைபேசியில் இருந்த உன் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டேன். நீ பாடப் பாட அந்த மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று அம்மா கேட்டா.

"எனக்கும் வடிவா விளங்கேல்லை அம்மா."

அம்மா அழவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் முன்பின் தெரியாத சனத்துக்கு விளங்கியது பெற்றவளுக்கு விளங்காமல் போனதே என்ற கோபம். எனக்கும் அது சுட்டது. நீ ஏன் ஒன்றையாவது தமிழில் சொல்லவில்லை? நாங்கள் கேட்கவில்லை என்றா?

எல்லோரும் போன பிறகு, உன் பாட்டுகளைத் தமிழில் எழுதி வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு வாசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் இருக்க ஏலுமோ என்றும் கேட்டுவிட்டேன்.

"விளங்கிற மாதிரி எழுது. இருக்கிறன்" என்றா.

எழுதுகிறேன், தங்கச்சி. கட்டாயம் எழுதுகிறேன்.

உன் பெரியண்ணன்