லியாந்த்ரோவின் பையில் என்ன?

ஜூன் 3, செவ்வாய்

லியாந்த்ரோ எதையோ மறைக்கிறான். காலையிலிருந்து சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து விசாரிக்கிறேன், வாயைத் திறக்கவில்லை. கப்பல் தலைவன், பச்சைக் கண், அகன்ற தோள் — எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. "உன் கால்சட்டைப் பையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறான். என் ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

என் நாவல்களின் ஆட்கள் எல்லாரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். எதிரே ஒரு காபி வைப்பேன். மூன்று கேள்வி கேட்பேன்: பையில் என்ன, யாரிடம் பயம், கடைசியாக எதற்குப் பொய் சொன்னாய். போன நாவலின் பல் டாக்டர் முதல் கேள்விக்கே அழுது எல்லாவற்றையும் கக்கிவிட்டான். இவன் காபியைக்கூடத் தொடவில்லை. நானே குடித்தேன். காபிக்கு நாயாய் அலைகிற காலத்தில் இல்லாத ஆளுக்கு ஒரு கோப்பை வைப்பது என் திமிர்தான்.

விசாரணை மும்முரத்தில் சோறு அடிப்பிடித்துவிட்டது. என் கணவர் ஹெனாரோ அடியைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து பிடிக்கும்.

ஜூன் 4, புதன்

ரொட்டி வரிசையில் பக்கத்து வீட்டு ஒப்துலியா. சுருட்டுப் பட்டறையில் இலை நரம்பு உரிக்கிறவள். நாக்கும் அதே வேலையைத்தான் செய்யும்.

"அடியே நெரெய்தா, நேத்து ஒன் கப்பல்காரன் எங்கள அழ வெச்சுட்டான்டி! அமரில்ஸ் சோத்தக் கருக்கிட்டா, அவன் என்னடான்னா 'தீஞ்சதுதான் எனக்குப் பிடிக்கும்'னு சொரண்டித் தின்னுட்டான். எங்க வரிசைல ரெண்டு பேரு மூக்கச் சிந்தினாளுங்க."

நான் அதை எழுதவில்லை. அந்த அத்தியாயத்தில் என் லியாந்த்ரோ நிலா வெளிச்சத்தில், கப்பல் மேல்தளத்தில், கதாநாயகி அமரில்ஸோடு நண்டு சாப்பிட்டான். நான் நண்டைப் பார்த்தே பல வருஷமாகிறது. அதனால்தான் எழுதினேன்.

யாரோ என் பக்கங்களில் கை வைக்கிறார்கள்.

எழுதிய அத்தியாயத்தைக் காலையில் ஹெனாரோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவார். அவர் அங்கே சுருட்டு உருட்டுகிறவர். கையில் கொடுப்பது எவெலியோவிடம். எவெலியோ மேடை நாற்காலியில் உட்கார்ந்து, இவர்கள் உருட்ட உருட்ட, முதலில் செய்தித்தாள், அப்புறம் நாவல் என்று வாசிப்பான். என் கதைகள் ஹவானாவில் அச்சாவதற்கு முன்னால் அங்கேதான் பிழைக்கும் அல்லது சாகும். பிடித்தால் இலை வெட்டும் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தரையில் போடுவார்கள்.

எனக்கு மட்டும் அங்கே அனுமதி இல்லை. எவெலியோ வைத்த சட்டம். இப்போது புரிகிறது ஏன் என்று.

ஜூன் 5

எவெலியோதான். தங்கப் பல் வைத்தவனை நம்பாதே என்று அப்பா சொல்வார். (அப்பாவுக்கு இரண்டு தங்கப் பல்.)

ஜூன் 6, வெள்ளி

முடிதிருத்தும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தபோது எவெலியோவைப் பிடித்தேன். ஓடமுடியாத நிலைமையில் ஆணிடம் கேள்வி கேட்பது என் பழைய வழக்கம்.

"எனக்கு ஏன் பட்டறைக்குள்ள இடமில்ல?"

"அம்மணி, எழுதினவங்க எதிர்ல உக்காந்தா கத்தி பொய் பேசும். மரியாதைக்குத் தட்டுவாங்க."

"என் பக்கத்துல இல்லாதத எதுக்கு வாசிக்கிறீங்க?"

உதட்டிலிருந்த நுரையை ஊதித் தள்ளினான். "மொத வாரம் கத்தி விழுந்துச்சு. தெரியுமா? மூணு நாள். கடல் வர்ணனைக்கு மொத்த வரிசையும் போட்டுட்டாங்க. பாதில நிறுத்திட்டு ஹவானாக்காரரோட துப்பறியும் கதைய எடுக்கலாம்னு பேச்சு. வர்ற வெள்ளி கை தூக்கி முடிவு பண்றாங்க."

"இப்பவும் விழுதா?"

"இல்லம்மா. கேப்டன் கொஞ்சம் தேறிட்டாரு."

தேறிட்டாராம்! காய்ச்சலா வந்தது என் ஆளுக்கு?

பாதியில் நிறுத்தப்பட்ட நாவல்காரி இந்த ஊரில் ரொட்டி வரிசையில்கூட நிற்கமுடியாது. என் சித்தி மகனின் கவிதையை நிறுத்தியபோது அவன் சாந்தியாகோவுக்கே குடிபோய்விட்டான்.

ஹெனாரோவிடம் கேட்டேன்: "கத்தி விழுந்துச்சா?" செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யார் கையாவது வழுக்கியிருக்கும், கிழவி" என்றார். ஒரு மொத்தப் பட்டறையின் கையும் மூன்று நாள் வழுக்கியிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

சுவருக்கு மேலே ஒப்துலியாவின் தலை. "ஆம்பளைன்னா அவன்டி! கரன்ட் வந்த ஒடனே ஃபேன அவ பக்கம் திருப்பி வெச்சுட்டு, அவன் வேர்வைல ஊறிக் கெடக்கறான்."

என் நாவல் நடப்பது பாய்மரக் கப்பல் காலத்தில். ஃபேன் எங்கிருந்து வந்தது?

"ஒருத்தர்கூடக் கேக்கலியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு வேர்க்குதுல்ல?"

உட்கார்ந்து யோசித்தேன். தீய்ந்த சோறு. ஃபேன். எங்கள் வீட்டிலும் சோறு தீய்கிறது, எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு ஃபேன். எவெலியோவுக்கு என் வீட்டுக்குள்ளே கண் இருக்கிறது. ஒப்துலியாவுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற சுவர் பப்பாளித் தோல் கனம். நடுவில் ஒரு ஓட்டை வேறு. இவள்தான் உளவு. ஓட்டையில் மூன்றாம் அத்தியாயத்தின் பழைய பிரதியைத் திணித்து அடைத்தேன். அந்த அத்தியாயம் ஒரு நல்ல காரியம் செய்தது.

ஜூன் 10, செவ்வாய்

போய்விட்டேன். திருடியின் கையாலேயே பூட்டைத் திறக்கவைத்தேன்: ஒப்துலியாதான் பின்கதவு வழியாகக் கூட்டிப்போனாள். "மூஞ்சிய மூடிக்க, குனிஞ்சுக்க, வாயத் தொறக்காத. கடைசிதான் ஒன்னால முடியாது, இருந்தாலும் பாரு" என்றாள். தலையில் முக்காடு, மடியில் இலைக்கட்டு. புகையிலை வாசனையில் மூக்கு எரிந்தது.

எவெலியோ ஆரம்பித்தான். என் வரிகள்தான். புயல், கடல், தூரத்து மின்னல். அரங்கில் ஒருவன் கொட்டாவி விட்டான். அவன் முதுகை மனப்பாடம் செய்துகொண்டேன். அப்புறம் எவெலியோ தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மழை வந்தது. அமரில்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை." (அமரில்ஸ் எப்போது எழுத ஆரம்பித்தாள்?) "லியாந்த்ரோ ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியை எல்லாம் எடுத்தான். கிளிப்புகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று அவன் பை புடைத்திருப்பதைப் பார்த்து, வேறொருத்தி கடிதம் என்று நினைத்து அவள் அதற்குள் கையை விட்டாள். கை நிறைய மரக் கிளிப்புகள்."

பலகைகள் எல்லாம் தடதடவென்று அதிர்ந்தன. எழுந்து கத்தத்தான் போனேன். அதற்குள் நடு வரிசையிலிருந்து ஒருத்தன், "கேப்டன்! துணியெல்லாம் எடுத்தாச்சா?" என்று கூவினான். இன்னொருத்தி, "கேப்டன், எங்க வீட்டுக் கொடிக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போ!" என்றாள். அரங்கமே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது — எவெலியோவை இல்லை. மூன்றாவது பெஞ்சை.

மூன்றாவது பெஞ்சில் ஹெனாரோ. தலை தூக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவப்பு.

ஜூன் 11, புதன்

எல்லாருக்கும் தெரியும். பட்டறைக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் யாரு? காதல் கதை எழுதறவ! ஹவானாலருந்து பொண்ணுங்க எனக்குக் கடுதாசி போடறாங்க, 'ஆண்களின் மனசை எப்படி இவ்வளவு துல்லியமா'ன்னு!

ஒப்துலியாவை உலுக்கியதில் கொட்டினாள். வேலை மணிக்கு முன்னால், காபி ஜன்னலில், ஹெனாரோ பக்கங்களை நீட்டிக்கொண்டே எவெலியோ காதில் இரண்டு வார்த்தை சொல்வாராம். "இதையும் சேத்துக்க" என்று. கத்தி விழுந்த மூன்றாம் நாள் ஆரம்பித்ததாம். "அந்தச் சத்தத்துல அவரு உக்காந்திருந்ததப் பாத்திருக்கணும்டி. அவரத் தூக்கித் தரைல போட்ட மாதிரி."

என்னிடமே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? முன்பொரு முறை, பல் டாக்டருக்கு மீசை வேண்டாம் என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். ஃபேன் விஷயம் நிஜமா? இட்டுக்கட்டியதா? அவரும் என்னைப்போலப் புளுகலாம் இல்லையா? ஒரே கூரைக்கடியில் இருந்தால் தொற்றிக்கொள்ளும்.

ஜூன் 13, வெள்ளி

கை தூக்கினார்கள். நாவல் கடைசிவரை தொடரும். தூக்காதவர் ஒரே ஒருவர். "வீட்டு ஆளு ஓட்டுப் போடக்கூடாது" என்றாராம்.

ஜெயித்தது நாவல். யாருடைய நாவல்?

ஜூன் 15, ஞாயிறு

மதியம் கரன்ட் இல்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தோம். நான் தூங்குவதுபோல் நடித்தேன். குறட்டைகூடக் கொஞ்சம் விட்டேன், ஆதாரத்துக்கு. கரன்ட் வந்தது. ஃபேன் அவர் பக்கம்தான் இருந்தது, ஓட ஆரம்பித்தது. கட்டில் கிறீச்சென்றது. வெறுங்கால் சத்தம். பிறகு என் கழுத்தில் காற்று.

ஒரு கண்ணைத் திறந்தேன். மனுஷன் சுவரோரம் மல்லாந்து, வேர்த்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். பச்சைக் கண் இல்லை. தோளும் அப்படி ஒன்றும் அகலமில்லை.

சாயங்காலம் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே கேட்டேன். "லியாந்த்ரோ பையில என்ன இருக்கும்னு நெனைக்கிற, கிழவா?"

"எனக்கென்ன தெரியும். நீதானே எழுதற."

கை பைக்குள்ளே இருந்தது. மரம் மரத்தோடு உரசுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கடைசி அத்தியாயம். லியாந்த்ரோ கப்பலோடு மூழ்குவதாகத் திட்டம். இனி அவனை மூழ்கடித்தால் நான் விதவை.

நாற்காலியில் இன்று அமரில்ஸை உட்காரவைத்தேன். இத்தனை நாளில் இவளை ஒரு கேள்வி கேட்டதில்லை. அழகாக இருந்தாள், அது போதும் என்று விட்டுவிட்டேன். "கடைசியாக எதற்குப் பொய் சொன்னாய்?" என்றேன். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உடனே சொன்னாள், தீய்ந்த சோற்றைப் பற்றித்தான். அடிப்பாவி.

ஜூன் 19

ஹெனாரோவிடம் பக்கங்களைக் கொடுத்தனுப்பினேன். வாசலைத் தாண்டும்போது புரட்டிப் பார்த்தார். எனக்கு முதுகு காட்டி நின்றுதான் படித்தார். வெகுநேரம் நின்றார்.

ஜூன் 20, வெள்ளி

ஒப்துலியா மூச்சிரைக்க சுவரேறினாள். எவெலியோ இன்று தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லையாம். என் வரிகள் அப்படியே. அமரில்ஸ் சட்டியை இழுத்துக்கொண்டு, அடியைத் தன் தட்டில் சுரண்டிப் போட்டு, "இனிமே எனக்குத்தான், எனக்குத்தான் பிடிக்கும்" என்றதும் பட்டறை கப்சிப்.

"அப்புறம் ஒரு கத்தி தட்டுச்சு. ஒரே ஒரு கத்தி. மூணாவது பெஞ்சுலருந்து. அதுக்கப்புறந்தான்டி எங்க எல்லாருக்கும் கை வந்துச்சு."

ராத்திரிச் சோறு தீய்ந்தது. இந்த முறை பழிபோட நாவலும் இல்லை. சட்டியில் நான் கரண்டியை விட்டேன், அவரும் விட்டார். இரண்டும் அடியில் முட்டிக்கொண்டன.

"விடு, எனக்குப் பிடிக்கும்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு இது எந்தக் காலத்திலயும் பிடிச்சதில்ல, கிழவி."

"எனக்குந்தான்."

சட்டியை எடுத்துப்போய் ஒப்துலியாவின் கோழிக்குக் கொட்டினோம். அது உடனே கொத்தவில்லை. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நல்ல கோழி. அதன் இடத்தில் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.