தும்கூர் ருக்கம்மாவின் சந்தேகங்கள்

லட்சுமிபுரம், மைசூர்
8 பிப்ரவரி 1993

அன்புள்ள ஜலஜாட்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்பதை நேற்றைய பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படம் நன்றாக வந்திருக்கிறது. அந்த ஊதாப் பட்டுப்புடவை கல்யாண வரவேற்புக்குக் கட்டுவது. கறுப்பு வெள்ளையில் மற்றவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

ஞாயிறு இணைப்பில் நீ யோகா கேள்வி பதில் எழுதும் செய்தியை எனக்குச் சொன்னது நீ அல்ல, என் வகுப்புக்கு வரும் குடகுக்காரி முத்தவ்வா. அதுவும் இன்று காலை, சவாசனத்தில் படுத்துக்கொண்டு. முப்பத்தொரு வருடமாக இந்தக் கூடத்தில் சவாசனத்தில் எவரும் வாய் திறந்ததில்லை. அவள் கண்ணை மூடியபடியே, "அக்கா, சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு பண்ணினா போதும்னு பேப்பர்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நீங்க நாலுன்னு சொல்லி எங்களைப் பட்டினி போடறீங்களே" என்றாள். பிணம்போல் கிடக்கவேண்டிய மற்ற ஐந்து பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

எந்த அம்மா என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

1979இல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த ஜலஜாட்சியை எனக்கு நினைவிருக்கிறது. உன் குதிகாலைத் தரையில் படிய வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. உன் படத்துக்குக் கீழே "பல ஆண்டு அனுபவம் உள்ளவர்" என்று போட்டிருக்கிறார்கள். யாருடைய அனுபவம்?

சம்மணம் போட்டால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டவருக்கு நீ எழுதிய பதில் சரி. "முழங்காலைத் திட்டாதீர்கள், உட்காரும் இடத்தை உயர்த்துங்கள். கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள்." சரியாகத்தான் இருக்கும். அது என் வாக்கியம்.

நேரமிருந்தால் பதில் எழுது.

சுபத்ராமணி அரசு


ஜெயநகர், பெங்களூர்
15 பிப்ரவரி 1993

என் மணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது.

சொல்லாதது என் தப்பு. சொன்னால் நீ முதல் வாரமே நிறுத்தச் சொல்வாய் என்று பயம். மருமகளின் தோழி அந்தப் பத்திரிகையில் இருக்கிறாள். வந்து கேட்டாள், சரி என்றேன். இந்த வீட்டில் காலை எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிப் போய்விடுகிறார்கள். என்னிடம் ஒருவர் வந்து ஏதாவது கேட்டு எத்தனை வருடமாகிறது தெரியுமா?

உன் பெயரை ஏன் போடவில்லை என்றுதானே உன் கோபம்? நான் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று சொன்னதை நினைத்துப் பார். "எங்கிட்ட கத்துக்கிட்டேன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதடி ஜலஜா. உன் சர்வாங்காசனத்தைப் பார்த்தா என் பேர் கெட்டுப்போயிடும்." ஆட்டோக்காரன்கூடச் சிரித்தான். நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இனி போடட்டுமா? ஒரு வரி எழுது, போதும். ராத்திரி தூக்கம் வருகிறதா? மழை நாளில் கால் வலி எப்படி?

உன்
ஜலஜா


லட்சுமிபுரம், மைசூர்
8 மார்ச் 1993

ஜலஜாட்சிக்கு,

என் பெயரைப் போடவேண்டாம். கேட்ட பிறகு கிடைக்கும் மரியாதை எனக்குப் பழக்கமில்லை.

நேற்றைய பத்தியைப் படித்தேன். தும்கூர் ருக்கம்மா என்ற பெண் எவ்வளவு நுட்பமாகக் கேட்டிருக்கிறாள்! மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் வெளியே விடவேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு சரியாக வருமுன் நடுவில் மூச்சை நிறுத்திப் பழகலாமா என்று. அதற்கு நீ, "இப்போதைக்கு எண்ணவே வேண்டாம் அம்மா, மூச்சு தானாகப் போய் வரட்டும்" என்று எழுதியிருக்கிறாய். இது பதிலா? போன வாரம் நஞ்சன்கூட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் சிரசாசனத்தில் பாரம் தலையிலா முன்கையிலா என்று கேட்டதற்கு, முதலில் ஆறு மாதம் இரண்டு காலில் ஒழுங்காக நிற்கப் பழகுங்கள் என்றாய். இப்படிப்பட்ட வாசகர்கள் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்தது முத்தவ்வா.

வகுப்பிலிருந்து இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "பேப்பரைப் பார்த்து வீட்லயே பண்ணிக்கறோம் அக்கா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது நான்கு பேர். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. காலை ஆறு மணிக்கு இந்தக் கூடத்தில் கேட்கும் காலடிச் சத்தத்தை விட்டால் இந்த வீட்டில் எனக்கு வேறு சத்தம் கிடையாது. அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

பத்தியை நிறுத்து. நிறுத்த மனமில்லையென்றால் இனி எனக்குக் கடிதம் போடாதே.

சுபத்ராமணி அரசு


ஜெயநகர், பெங்களூர்
16 மார்ச் 1993

மணி,

தும்கூர் ருக்கம்மா, நஞ்சன்கூட்டுத் தாசில்தார், ஹாசன் கல்லூரி மாணவி. மூன்று ஊர்க்காரர்களும் ஏன் மைசூர் லட்சுமிபுரம் தபாலாபீஸில் வந்து தபால் போடுகிறார்கள்? மூன்று பேரும் ஏன் இடப்பக்கம் சரியாக இரண்டு விரல் இடம் விட்டு எழுதுகிறார்கள்? நமக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் பெர்னதெத் தும்கூரில் எப்போது பள்ளிக்கூடம் வைத்தார்?

தபால் முத்திரையைப் பார்த்து நான் கண்டுபிடிக்கவில்லை. கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புதிதாக வருகிற எவரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். புடவையோடு செய்யலாமா என்று கேட்பார்கள். எத்தனை நாளில் இளைப்பேன், தொப்பையை வைத்துக்கொண்டு எப்படிக் குனிவது என்று கேட்பார்கள். எல்லார் நடுவிலும் காற்றுப் பிரிந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பெரிய கேள்வி; அதைக் கேட்க வெட்கப்பட்டே பாதிப் பேர் வகுப்புக்கு வருவதில்லை. உனக்கு இதெல்லாம் மறந்து ஐம்பது வருடமாகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள். முதல் இரண்டு வாரக் கேள்விகளை நானே எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் பதினான்கு. அதில் பதினொன்று உன்னுடையவை. கடிதம் வராவிட்டால் பிப்ரவரியோடு நிறுத்துவதாக இருந்தார்கள். போன வாரம் மருமகளின் தோழி ஃபோன் செய்து, "உங்க பத்திக்கு நல்ல வரவேற்பும்மா" என்றாள். என்னை மாட்டிவிட நீ எழுதினாய், அதனால் இது ஓடுகிறது.

நிறுத்தச் சொல்கிறாய். சரி, நிறுத்துகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுது. உன் சொந்தப் பெயரில், உனக்கே பதில் தெரியாத கேள்வி. அப்படி ஒன்று உன்னிடம் இல்லையென்றால் எழுதவேண்டாம். பத்தியும் முடியும், நீ சொன்னபடி நம் கடிதமும் முடியும்.

ஜலஜா


லட்சுமிபுரம், மைசூர்
5 ஏப்ரல் 1993

யோகா கேள்வி பதில் பகுதி ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது எழுபது. முப்பத்தொரு வருடமாக யோகா கற்பித்து வருகிறேன். போன நவம்பரிலிருந்து தரையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியை செய்து காட்டினால் மாணவி தன் உடம்பைக் கவனிக்கமாட்டாள் என்று ஒரு கொள்கையை அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் போன பிறகு, முடிகிறதா பார்ப்போம் என்று தரையில் உட்கார்ந்தேன். சமையல்காரி வரும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். தியானத்தில் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். பக்கத்தில் கிடந்த பத்திரிகையில் அந்த வாரத்துப் பத்தி இருந்தது. படத்தில் இருந்தவர் எழுபது வயதில் காலை நீட்டிச் சுலபமாகக் குனிந்திருந்தார். அன்று சாயங்காலம்தான் தும்கூர் ருக்கம்மாவின் முதல் கடிதம் எழுதப்பட்டது.

என் கேள்வி: தரைக்குப் போகவும் வரவும் முடியாத ஒருத்தி எங்கிருந்து தொடங்கவேண்டும்?

பெயரையும் ஊரையும் வெளியிடலாம்.

சுபத்ராமணி அரசு


ஜெயநகர், பெங்களூர்
9 ஏப்ரல் 1993

மணி,

இதைப் பத்தியில் போடமாட்டேன். பதில் உனக்கு மட்டும்.

டாக்டரிடம் இதைக் காட்டி, சரி என்றால் மட்டும் செய். கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடு. முதல் வாரம் தரைப்பக்கம் போகாதே. நாற்காலியில் உட்கார், எழு. ஐந்து தடவை போதும். எழும்போது மூச்சை வெளியே விடு, அடக்காதே. பிறகு ஒரு நாள் கட்டிலில் படுத்து ஒருக்களித்துப் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி நிற்கப் பழகு. அது வந்தபின் தரையில். கைகளை நாற்காலிமேல் வைத்து, வலிக்காத காலை முன்னால் ஊன்றி எழு. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. தனியாகச் செய்யாதே, முத்தவ்வா பக்கத்தில் நிற்கட்டும். வெட்கமாக இருக்கும். எல்லாருக்கும் முதல் நாள் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது சொல், பத்தியை நிறுத்திவிடுகிறேன்.

ஜலஜா


லட்சுமிபுரம், மைசூர்
26 ஏப்ரல் 1993

அன்பு ஜலஜா,

இரண்டு வாரமாகப் பத்தியை மேலிருந்து கீழ்வரை தேடினேன். நிஜமாகவே போடவில்லை. ருக்கம்மாவுக்கு அரைப் பத்தி கொடுத்தாய், பிறக்கவே பிறக்காத ஒருத்திக்கு. எனக்கு ஓர் இன்லண்டு லெட்டர். என் மானத்தைக் காப்பாற்றியதாக உனக்கு நினைப்பு. வரும் ஞாயிறு போடு. பெயரோடு போடு.

பத்தியை நிறுத்தவேண்டாம்.

டாக்டர் சம்மதித்தார். முத்தவ்வாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இவ்வளவுதானா அக்கா? எங்களுக்குச் செஞ்சு காட்டறது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள். அதற்காகத்தான் அந்த இருவரும் நின்றார்களாம். பேப்பர் ஒரு சாக்கு. இதைச் சொல்லிவிட்டு அவள் என் முழங்கைக்குக் கை கொடுத்தாள், நானும் பிடித்துக்கொண்டேன்.

நேற்று தரையிலிருந்து எழுந்தேன், மூன்றாம் முயற்சியில். ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதோ என்று சந்தேகம். முத்தவ்வாவைக் கேட்டால் எதற்கும் "சூப்பர் அக்கா" என்கிறாள். என் தப்பைத் தப்பு என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. நீ புறப்பட்டு வா. பத்து நாள் இரு.

நீ இங்கே இருக்கும் ஞாயிறு பத்தி வராது. உன் வாசகர்கள் காத்திருக்கட்டும். அவர்களுக்கு உன்னை மூன்று மாதமாகத்தான் தெரியும்.

உன்
மணி