பனிமலைக்கு ஒரு பழைய கார்

குவைத், டிசம்பர் 3, 1972, ஞாயிறு

காலையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பதினொரு மணிக்கு மறுபடி வெயில்.

லெபனான் உறுதி. 22ஆம் தேதி கிளம்புகிறோம், நம் காரிலேயே. பஸ்ரா, பாக்தாத், டமாஸ்கஸ் வழி. இவர் பனிச்சறுக்குப் பழக வேண்டுமாம், ஐம்பத்திரண்டு வயதில்! "உங்கப்பா போனதிலேர்ந்து நீ ஒரு மாதிரி இருக்கே. பனியைப் பார்த்தா மனசு மாறும். நாம ரெண்டு பேருமே பார்த்ததில்லையே" என்றார். எதையும் சந்தேகப்படுவது என் சுபாவம். இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கார் பதினோரு வருஷப் பழசு. எண்ணெய்க் கம்பெனி மேலதிகாரி ஒருவர் வைத்திருந்த ஜெர்மன் வண்டி. தோல் இருக்கை, மர டாஷ்போர்டு. குளிர் என்றால் என்னவென்று அறியாதது. செய்ய வேண்டியவை:

— ரேடியேட்டருக்கு ஆன்டிஃப்ரீஸ்
— இலேசான என்ஜின் ஆயில்
— பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி. இங்கே எவன் விற்பான்?
— பாட்டரி
— ஹீட்டர் (யாரும் போட்டுப் பார்த்ததே இல்லை)

டிச. 5

தூசிக் காற்று. ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று.

சாப்பிடும்போது இவருக்கு விளக்கினேன்: தண்ணீர் எப்போது உறையும், ஆன்டிஃப்ரீஸை ஏன் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு இருபது வருஷம் கழித்து ஒரு வேலை. "அப்படியா? எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது." இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டார்.

டிச. 7, வியாழன்

இவர் சைட்டில் டியூட்டி. நானே காரைக் கராஜுக்கு ஓட்டிப்போனேன். மெக்கானிக் செல்லையா, பட்டுக்கோட்டைக்காரர்.

இந்த ஊரில் கார் வாங்கியதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என்ஜின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் சின்ன மூடி அது. இந்த வெயிலுக்கு எதற்கு என்று. பனியில் அது இல்லாவிட்டால் ஹீட்டரில் சூடு வராது. அதனால் புதிதாக ஒன்று வாங்கிப் போயிருந்தேன்.

திறந்து பார்த்துச் செல்லையா சிரித்தார். "இது எதுக்கும்மா? உள்ளதான் கெடக்கே. போன தை மாசம் சாரு பனிமலைக்குப் போறப்ப நாந்தானே போட்டேன். வந்ததும் கழட்டிருவோம்னேன், கேக்கல. அதான் கோடையில வண்டி அந்தக் கொதி கொதிச்சுது."

"யார் யார் போனது?"

"சாரு, ராகவன் சாரு, ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரு. ஏம்மா, நீங்க அப்ப ஊர்லயா?"

ஊரில்தான். திருச்சியில், அப்பாவின் கட்டில் பக்கத்தில். இவர் அடித்த தந்தி தலைமாட்டில் கிடந்தது: லீவு மறுப்பு, மன்னிக்கவும். கடைசி வாரம் மூன்று முறை கேட்டார் அப்பா: "மாப்பிள்ளைக்கு லீவு கெடைச்சுதாம்மா?" "அவங்க கம்பெனி அப்படிப்பா." சமாதானம் சொன்னது நான்.

டிச. 9

ராகவன் மனைவி லலிதா வீட்டுக்குப் போனேன். காபி. நேராகக் கேட்டேன்.

"அக்கா, இது நல்லால்லைன்னு அப்பவே எங்க வீட்ல சொன்னேன். அவ வந்ததும் நானே சொல்லிடறேன்னார் சார். சொல்லியிருப்பார்னு..." சர்க்கரை டப்பாவை மூடிக்கொண்டே: "சார் அங்கே போட்டுட்டுப் போன ஸ்வெட்டர்கூட எங்க வீட்டுதுதான்."

துக்கம் விசாரிக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. செல்லையா உட்பட.

காபியை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

டிச. 11

கேட்டேன். இவர் பேப்பரை மடித்து வைத்தார். மறுக்கவில்லை.

"நாலு பேர் சேர்ந்து போட்ட பிளான். நான் வந்திருந்தா மட்டும் அவர் பொழைச்சிருப்பாரா?"

"கேட்டுட்டே இருந்தார்."

பேப்பரை மறுபடி பிரித்தார். லெபனானுக்கு நான் இல்லை என்றேன்.

"ஒரு வருஷமா தெரியாம நல்லாத்தானே இருந்தே. இப்ப போறதே உனக்காகத்தானே?"

தண்ணீர் உறைவதை நான் விளக்கியபோது எவ்வளவு பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றதைவிட அதுதான் எரிகிறது.

டிச. 13

தூறல். துணி காயவில்லை. என் இடத்தில் ராகவன் போகிறாராம்.

அம்மாவின் கடிதம். தை மாதம் அப்பாவுக்கு வருஷத் திதி. "போன தடவை பாவம், மாப்பிள்ளைக்கு லீவு தரவில்லை. இந்த முறை முன்னாடியே கேட்கச் சொல்லு." இவருக்குப் படித்துக் காட்டினேன்.

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "இருக்கிற லீவு இந்த டிரிப்புக்கே போயிடும். கிடைக்கலைன்னு எழுதிடேன்" என்றார்.

எழுதிப் போட்டாயிற்று. "அம்மா, இவருக்குப் போன தடவையும் லீவு கிடைத்திருந்தது. நான் மட்டும் வருகிறேன்."