என் மதினியின் கழுத்தில் அட்டிகை இல்லை

என் உயிரான மதினிக்கு,

முதலில் ஊர்ப் பேச்சைத் திருத்திவிடுகிறேன். உங்கள் படத்தை நான் கிழிக்கவில்லை. அதன்மேல் சாணியைக் கரைத்து ஊற்றவும் இல்லை. மண்டபத் திறப்பு விழாவில் திரையை விலக்கியதும் எழுந்து போய், மேடையில் சாய்த்து வைத்திருந்ததைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். செய்தது அவ்வளவுதான். "தாலி இழந்தவளுக்கு மதினி கழுத்துத் தங்கத்தைப் பார்த்துப் பொறாமை" என்று போடி கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். சாயத்தில் தீட்டிய தங்கத்துக்குப் பொறாமைப்பட எனக்கு என்ன பைத்தியமா?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் ராசு ஏலக்காய் வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்டான். அண்ணன் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்து ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான். நல்ல காற்றோட்டமான மண்டபம், அதில் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்திரண்டாம் வருடத்து யுத்தத்தில் நீங்களும் அண்ணனும் நானும் ரங்கூனிலிருந்து நடந்தே வந்ததைப் பெரிய படமாக எழுதி, மணவறைக்கு நேர் மேலே மாட்ட ஆசைப்பட்டான். அந்த ஆசையிலும் குற்றமில்லை.

குற்றம் படத்தில் இருக்கிறது. அண்ணன் கையில் கோலோடு, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடக்கிறார். பின்னால் நீங்கள், பட்டுச் சேலையில், கழுத்தை மூடிய அட்டிகையும் அதன்மேல் தாலியுமாக, கண்ணீர் வழிய நடக்கிறீர்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். பர்மா மலை என்று அவர் எழுதியிருப்பது நம் குரங்கணிச் சரிவு. ஏலச் செடிகூட இருக்கிறது. அந்தப் படக்காரர் பார்த்த மலை அது ஒன்றுதான். மலையை நான் மன்னித்துவிட்டேன்.

ரங்கூனில் நான் படித்த கான்வென்டின் நடைக்கூடத்தில் ஒரு யுத்தப் படம் தொங்கும். தளபதி வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். சரித்திரம் சொல்லித்தந்த சிஸ்டர் எங்களை அதன் முன்னால் நிறுத்தி, "நாள் முழுவதும் சண்டை போட்ட குதிரையை யார் குளிப்பாட்டியது?" என்று கேட்பார். யுத்தத்தை எழுதுகிறவர்கள் முதலில் சேற்றைத்தான் துடைக்கிறார்கள். பிறகு பயத்தை. கடைசியில் நடந்ததையே துடைத்துவிடுகிறார்கள்.

விழாவில் ஒரு தமிழாசிரியர் கவிதையும் வாசித்தார். 'காடெலாம் சாவு கூவ, கழுத்திலே தாலி காத்தாள்' என்று ஒரு வரி. கூட்டம் கை தட்டியது. மதினி, உங்களைப் பற்றித்தான் அந்த வரி. நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

பர்மா வழியில் குறுக்கிட்ட அந்தச் சின்ட்வின் ஆற்றங்கரையை நீங்களும் நானும்தான் அறிவோம். அண்ணன் மலைக்காய்ச்சலில் நினைவில்லாமல் மணலில் கிடந்தார். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பீதியில் பர்மா நோட்டை எந்தப் படகுக்காரரும் தொடவில்லை. வளையலும் தோடும் வழியிலேயே அரிசிக்குப் போயிருந்தன. நீங்கள் கழுத்தில் கை வைத்தீர்கள். வேர்வையிலும் அழுக்கிலும் கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"நாத்தனா முடிச்சு நீ போட்டதுதான? நீயே அவுத்து விடு. வெரசா."

உங்கள் கல்யாணத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டவள் நான்தான். "மதினி, அண்ணன் உசுரோட இருக்காக" என்றேன்.

"இருக்கணும்னுதான்டி அவுக்கச் சொல்றேன். ஆளு இருந்தாத்தான் அது தாலி. ஆளு போயிட்டா வெறும் தங்கம்."

பல்லால் கடித்து அவிழ்த்தேன். தங்கத்தை உருவிக்கொண்டு வெறுங்கயிற்றை என் கையில் கொடுத்து மறுபடி கட்டச் சொன்னீர்கள். அதன் பிறகு நீங்கள் அழுதீர்களா? பேரமல்லவா பேசினீர்கள்! நம் மூவரை மட்டும் ஏற்றுவேன் என்று கை காட்டிய படகுக்காரரிடம், உள்ளங்கையைத் திறந்து காட்டுவதும் மூடுவதுமாக நின்றீர்கள். கரையில் ஒதுங்கி நின்ற ஒரு தெலுங்குப் பெண்ணையும் அவள் குழந்தைகளையும் அவர் ஏற்றிய பிறகுதான் அந்தக் கை முழுதாகத் திறந்தது. இதில் எந்த இடத்தில் கண்ணீர் வழிந்தது, சொல்லுங்கள்?

நம் ஊர் ராசிங்காபுரத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் அம்மா பார்த்தது பிழைத்து வந்த மகனை அல்ல, உங்கள் கழுத்தை. "புருசன் இருக்கையில தாலியக் கழட்டுன கையால எனக்குச் சோறு போடாத" என்றார். அவிழ்த்தவள் நான் என்று அன்றே சொன்னேன். "நீ சின்னச் சிறுக்கி, ஒனக்கென்ன தெரியும், போ" என்று என் வாயை அடைத்துவிட்டார். அண்ணன் புதுத் தாலி செய்து போட்ட பிறகும் அம்மா உங்கள் கையால் சாப்பிடவில்லை. எந்த வளைகாப்புக்கும் உங்களை முன்னால் கூப்பிட்டதில்லை. நீங்களும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஏன் மதினி? அந்தப் படகுக்காரரிடம் பேசிய வாய் எங்கே போயிற்று?

ஆயுள் முழுவதும் எதற்காக உங்களைக் குத்தினார்களோ, அதையே நீங்கள் செய்யவில்லை என்று சொல்லி இப்போது மாலை போடுகிறார்கள். என் ஆத்திரம் இதுதான். திட்டியபோதாவது நடந்ததை நடந்ததென்று ஒப்புக்கொண்டார்கள்.

படத்தைத் திருப்பியதும் ராசு ஓடி வந்தான். "அத்தே, ஊரே பாக்குது. நல்ல நாளும் அதுவுமா இப்படியா பண்ணுவீக?"

"ஊர் பாக்கட்டும்னுதான் பண்ணுறேன். உங்கம்மா கழுத்துல இது எங்கடா இருந்துச்சு?"

படக்காரர் பாவம், நல்ல மனுஷன். கையைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஆத்தா, நான் எத்தனையோ செத்தவுகளுக்குப் படம் எழுதியிருக்கேன். உசுரோட இருக்கையில குந்துமணித் தங்கம் போடாதவுகளுக்கும் அட்டிகை போட்டுத்தான் குடுப்பேன். வெறுங்கழுத்தா எழுதிக் குடுத்தா வீட்டுக்காரவுக வாங்குவாகளா?"

"அது சாமி மாடத்துல வச்சுக் கும்பிடுற படம். போட்டுட்டுப் போங்க. இது யுத்தம்யா."

ஆசிரியர் விடவில்லை. "அம்மா, கவிதைக்கு உணர்ச்சிதான் முக்கியம்."

"அப்ப அவுக உணர்ச்சி இல்லாமயா அவுத்தாக?" என்று கேட்டேன். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

ராசு மட்டும் மெதுவாகச் சொன்னான்: "அத்தே, எனக்கும் தெரியும். அம்மா சொல்லியிருக்கு. ஆனா கல்யாண மண்டபத்துல போயி, தாலியக் கழட்டுனதப் படமா மாட்ட முடியுமா? எவன் வாடகைக்கு எடுப்பான்?"

தெரிந்தே செய்திருக்கிறான், மதினி. உங்கள் வயிற்றில் பிறந்தவன்.

வரும் தையில் உங்கள் பேத்திக்கு அதே மணவறையில் கல்யாணம். உயிரைவிடக் கயிறு பெரிது என்று அந்தப் படம் அவள் தலைக்கு மேலே நின்று சொல்லப் போகிறது. நாளைக்கு அவளுக்கு ஓர் ஆற்றங்கரை வந்தால், யாரை நினைத்துக்கொள்வாள்? அட்டிகை போட்டுக்கொண்டு அழுகிற அந்தப் பெண்ணையா?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் படம் மாறும்வரை மண்டபத்தில் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் நான் தவறவிட மாட்டேன். விதவை என்று பின்வரிசைக்குப் போகவும் மாட்டேன். படத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும், என் மதினி தாலியைக் கழற்றி ஒரு படகையே கரையேற்றிய கதையை முதலிலிருந்து சொல்வேன். எத்தனை பேர் வாடகைக்கு வருகிறார்கள் என்று பார்ப்போம்.

இனி உன்னிடம், ராசு. அச்சாகப் போகும் திறப்பு விழா மலரில் ஆசிரியரின் கவிதைக்கு எதிர்ப்பக்கத்தில் இந்தக் கடிதம் ஓர் எழுத்துக் குறையாமல் வர வேண்டும். படக்காரர் வேறு படம் எழுத வேண்டியதில்லை. பட்டைப் பழஞ்சேலையாக்கி, அட்டிகையையும் தங்கத் தாலியையும் அழித்துவிட்டு, அந்த வெறுங்கயிற்றை மட்டும் எழுதினால் போதும். செய்வாயா, மாட்டாயா? "சரி அத்தே" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகாதே. எழுத்தில் பதில் அனுப்பு.

மதினி, உங்கள் அன்பு மாறாத
நாத்தனார்