நினைவுத்தூண் திடலில் இனிப் புதுக்குழி தோண்டமாட்டோம்

அனுப்புநர்:
மெலேனி தோவாசி,
க/பெ. காலஞ்சென்ற பௌலோ தோவாசி,
மாரகோ கிராமம்,
சாவெலு தீவுகள்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வெளியுறவுத் துறை,
தலைநகர்.

பொருள்: போர் நினைவு நாள் விருந்துக்குத் திடலில் அடுப்புக்குழி தோண்டும் உத்தரவை ரத்து செய்யவும், மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளை அகற்ற அனுமதி வழங்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் துறையின் ஜூலை 10ஆம் தேதிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. ஆகஸ்ட் 14 அன்று, அந்தக் காலத்தில் எங்கள் தீவில் போரிட்ட இரு நாட்டுத் தூதர்களோடு அறுபது பேர் வருவதாகவும், "சென்ற ஆண்டைப் போலவே" குழியடுப்பு விருந்து தர வேண்டும் என்றும் எழுதியுள்ளீர்கள். இதை எழுதிய கைக்குக் கொஞ்சமும் கூசவில்லையா? சென்ற ஆண்டு அந்தக் குழியருகில்தான் என் கணவர் செத்தார்.

2. எங்கள் வீட்டுச் சமையலுக்குப் பாட்டன் காலத்துக் குழிகள் இருக்கின்றன. எண்பது வருடம் தீ எரிந்த மண் அது. அடியில் போர்க்காலக் குண்டு எதுவும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு, தீயே படாத மண்ணில் புதுக்குழி தோண்டித்தான் பன்றியும் கிழங்கும் வேகவைக்க வேண்டும். எரிந்த குழியில் வைத்தால் மிச்சத்தைப் போட்டதாக அர்த்தம். அதனால் இந்த ஊரில் மரியாதை செய்யப் போகிறவனுக்குத்தான் ஆபத்து.

3. சென்ற ஆண்டே பள்ளிக்கூட மைதானத்தில் தோண்டுகிறோம் என்று நாங்கள் சொன்னோம். அங்கே பல தடவை மண்ணைக் கிளறியாகிவிட்டது. தங்கள் விழா அலுவலர் கேட்கவில்லை. "என்னம்மா நீங்க, குப்பைமேட்டுப் பக்கத்துலயா தூதர் சாப்பிடுவாரு? பின்னாடி தூண் தெரியணும், அப்பத்தான் போட்டோ எடுப்பா இருக்கும்" என்றார். நானும் கணவரைத் தடுத்தேன். "சும்மா இருடி. வந்தவங்க முன்னாடி நம்ம ஊரு மானம் போகணுமா?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். முழங்கால் ஆழம் தோண்டி, கல் அடுக்கி, தீ மூட்டினார். கல் சிவந்ததும் அடியில் கிடந்த குண்டு வெடித்தது. விழா நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. ரத்து செய்யப்படவில்லை.

4. சமையல் எரிவாயு உருளை வெடித்ததாகத் தாங்கள் இரு தூதரகங்களுக்கும் அறிக்கை அனுப்பினீர்கள். மாரகோவில் எந்த வீட்டிலும் அப்படி ஓர் உருளை கிடையாது, ஐயா. நியாயம் கேட்டு வந்த என்னிடம் தங்கள் அலுவலர் சொன்னது: "வென்ற நாட்டுக்கிட்ட குண்டை எடுக்கச் சொன்னா தோத்தவங்க கோவிச்சுக்குவாங்க. தோத்தவங்ககிட்ட சொன்னா ஜெயிச்சவங்க கோவிச்சுக்குவாங்க. சின்ன நாடும்மா, நாமதான் அனுசரிச்சுப் போகணும்." மாமியார் உடைத்தால் மண்சட்டி! அவர்கள் சண்டைக்கு எங்கள் மண், அவர்கள் சமாதானத்துக்கும் எங்கள் பிணமா?

5. இறந்தவன் கையிலிருந்த மண்வெட்டி அவன் தம்பிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு குழி தோண்டும் முறை என் கொழுந்தன் சிலாஸுக்கு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் செஞ்சத நான் செய்யலன்னா ஊர்ல தலை காட்ட முடியுமா, அண்ணி?" என்கிறான். அவனைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. உத்தரவு போட்ட தங்களுக்கு உண்டு. இதுவரை மூன்று மனு அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

6. ஆகவே ஐந்து நாட்களுக்கு முன் இரு தூதரகங்களுக்கும் நானே எழுதினேன். ஒருவர் துறைமுகம் கட்டினால் மற்றவர் விமான நிலையம் கட்டுவதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திடலைச் சுத்தம் செய்ய மற்ற நாடு ஆள் அனுப்பப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தனித்தனியே தெரிவித்தேன். அது பொய்தான். நேற்றுக் காலை ஒரு தூதரகத்திலிருந்தும், மதியத்துக்குள் இன்னொன்றிலிருந்தும் எங்கள் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வந்தது. இருவரும் கேட்டது ஒன்றே: "அவங்க எப்ப வர்றாங்க? அதுக்கு முன்னாடி நாங்க வந்துடறோம்."

7. வெளிநாட்டு ஆட்கள் கரையேறத் தங்கள் கையெழுத்து வேண்டுமாம். இந்த வாரத்துக்குள் இரண்டு விண்ணப்பமும் தங்கள் மேசைக்கு வரும். யாருக்கு அனுமதி கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். மறுப்பதானால் இரண்டு நாடுகளுக்கும் தாங்களே காரணம் எழுதிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் குழி தோண்டும் உத்தரவை ரத்து செய்து, சிலாஸ் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அரசாங்கமே வேண்டாம் என்று சொன்னால் அவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம்; உயிரோடும் நடக்கலாம்.

இடம்: மாரகோ
நாள்: ஜூலை 24

தங்கள் பணிவுள்ள என்று எழுத மனம் வராத,
மெலேனி தோவாசி

நகல்: இரு தூதரகங்களுக்கும். ஆறாவது பத்தி மட்டும் நீக்கப்பட்டது.